கரட்டுப் பாதை ஓட்டச் சங்கங்களில் விருந்து முகாம் எப்படி வந்தது?

கரட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டுவதற்கென்றே கூடிய ஒரு சங்கம், ஆண்டில் ஒரு வார இறுதியில் மட்டும் ஓட்டத்தை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டு, காட்டுக்குள் கூடாரம் அடித்து, மேசைவிரிப்பு விரித்து, நான்கைந்து வகை உணவை நாள் முழுவதும் சமைத்துச் சாப்பிடுவது ஏன், அந்த வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டுப் பிரியர்கள் சிலர் சங்கத்துக்குள் வந்து அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்பதே பலரும் சொல்லும் விளக்கம். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓட்டத்தில் மனிதர்களைப் பிடித்துவைக்கும் குணங்கள் சில உண்டு. கருவிகளின் மேல் பித்து, சின்னச் சின்னப் போட்டி, வசதியில்லாத இடத்தில் வசதியை உண்டாக்கிக் காட்டும் வீம்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பாதைகள் மூடிக்கிடக்கும் பருவத்தில் இதே குணங்கள் அடுப்பின் பக்கம் திரும்பியதால் பிறந்ததே விருந்து முகாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

வண்டியின் பின்புறத்தில் சமையலறை அமைக்கும் எண்ணம் மோட்டார் வண்டிக்கு முந்தியது. 1866-இல் டெக்சாஸில் சார்லஸ் குட்நைட் என்னும் கால்நடைக்காரர், ஆலிவர் லவ்விங்குடன் சேர்ந்து பெரும் மாட்டு மந்தையொன்றை நியூ மெக்சிகோ நோக்கி ஓட்டிச்செல்லத் திட்டமிட்டபோது, ராணுவம் கழித்துவிட்ட ஸ்டூடபேக்கர் குதிரை வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் அலமாரியும் இழுப்பறைகளும் கொண்ட ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவு கீல்களில் கீழ்நோக்கித் திறக்கும்; அதற்கு ஒரு காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேசையாகிவிடும். மாவு, காப்பிக்கொட்டை, உப்பிட்ட இறைச்சி, பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய் கட்டியிருப்பார்கள். வண்டியின் அடியில் தொட்டிலைப்போல ஒரு தோலைக் கட்டி, வழியில் கிடைக்கும் சுள்ளியையும் காய்ந்த சாணத்தையும் அதில் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

இன்றைக்கு எந்தச் சங்கத்தின் முகாமுக்குப் போனாலும், வண்டிகளின் பின்கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது இதே அமைப்புதான். கீழே சறுக்குத் தண்டவாளத்தில் ஓடும் இழுப்பறைகள், அவற்றின் மேல் ஃபிரிட்ஜ், கதவின் உட்புறத்தில் மடக்கிவைத்த மேசை என எல்லாம் அப்படியே இருக்கின்றன. மரத்துக்குப் பதிலாக ஒட்டுப்பலகையும் அலுமினியமும் வந்ததைத் தவிர, 150 ஆண்டுகளுக்கு மேலாக இதில் அடிப்படை மாற்றம் எதுவும் இல்லை. குட்நைட்டின் வண்டியில் இன்னொரு செய்தியும் உண்டு. மந்தைக் கூட்டத்தில் தலைவருக்கு அடுத்த அதிகாரம் சமையல்காரருக்கே இருந்தது. அவர் மந்தைக்கு முன்பாகவே வண்டியை ஓட்டிச்சென்று, அன்றிரவு தங்கும் இடத்தில் அடுப்பை மூட்டியிருப்பார். அவர் எங்கே அடுப்பு வைக்கிறாரோ அதுதான் முகாமின் நடு. விருந்து முகாம்களில் முதல் நாள் மதியமே வந்து நெருப்பிடத்துக்கு அருகில் இடம்பிடித்துக்கொள்ளும் அந்த ஒன்றிரண்டு வண்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமையல்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.

மந்தைக்காரர்களின் சமையல் வண்டி பிழைப்புக்கானது. காட்டில் நன்றாகச் சாப்பிடுவதை ஒரு பொழுதுபோக்காகவும், பிறர் பார்த்து வியக்கும் காட்சியாகவும் மோட்டார் வண்டியோடு சேர்த்தவர்கள் என்று சிலரைச் சொல்லவேண்டுமென்றால், ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் தயாரித்த ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரைச் சொல்லலாம். நாடோடிகள் என்று தம்மை அழைத்துக்கொண்ட இவர்கள் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1924 வரை (பரோஸ் 1921-இல் இறக்கும்வரை) பல கோடைகளில் அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் முகாமிட்டுச் சுற்றினார்கள். 1919-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஐம்பது வண்டிகள் வரை போயின. பெட்ரோல் அடுப்பும் உள்ளேயே கட்டப்பட்ட ஐஸ் பெட்டியும் கொண்ட சமையல் வண்டி ஒன்றை ஃபோர்டு அதற்கெனச் செய்வித்திருந்தார். சமையல்காரரும் உடன் போனார். சுழலும் நடுத்தட்டுடன் கூடிய பெரிய வட்ட மேசையில் இருபது பேர் வரை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரவில் முகாமுக்கு மின்விளக்கும் இருந்தது. 1921-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங்கே வந்து அவர்களோடு தங்கினார். செய்தியாளர்களும் படம்பிடிப்பவர்களும் பின்தொடர்ந்தபடியால், கார் வாங்கினால் காட்டுக்குள்ளும் வீட்டைப்போல வாழலாம் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது. கார் விற்பவருக்கும் டயர் விற்பவருக்கும் இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன கிடைக்கும்?

இதே ஃபோர்டினால் விருந்து முகாமுக்குக் கிடைத்த இன்னொரு பொருளை யாரும் அதிகம் நினைப்பதில்லை. மாடல் டி காரின் மரப்பாகங்களைச் செய்த மிச்சிகன் ஆலையில் மலைபோல் மரக்கழிவு சேர்ந்தது. அதை எரித்துக் கரியாக்கி, பொடித்து, மாவுப்பசை சேர்த்து, ஒரே அளவான கட்டிகளாக அழுத்தி, 1920-களில் ஃபோர்டு கரி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். ஆலைக்கான நிலத்தைப் பிடித்துக்கொடுத்த கிங்ஸ்ஃபோர்டு என்னும் உறவினரின் பெயரே பின்னர் 1951-இல் அந்தக் கரிக்கு வந்தது. கரிக்கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் ஃபோர்டு அல்லர்; ஆனால் கார் விற்கும் இடத்திலேயே கரியையும் சிறிய அடுப்பையும் வைத்து விற்றது அவருடைய நிறுவனம். ஒரே அளவான கரி ஏன் முக்கியம் என்பதை வார்ப்பிரும்பு அடுப்புச் சட்டியைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

இனி ஜீப்புக்கு வருவோம். 1940-இல் பாண்டம் என்னும் கார் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் மாதிரியைச் செய்து கொடுக்க, வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டன. படைவீரர்கள் டப்பா உணவை எஞ்சினின் சூடான பாகங்களில் வைத்துச் சூடாக்கித் தின்றார்கள். 1942-இல் கோல்மன் நிறுவனம் ராணுவத்துக்கெனச் செய்த கைக்கடக்கமான அடுப்பு அந்த நிலையைக் கொஞ்சம் மேம்படுத்தியது. போர் முடிந்ததும் கழிவு விலையில் ஜீப்புகள் வெளியே வந்தன. 1945-இல் வில்லிஸ் பொதுமக்களுக்கான வண்டியை வெளியிட்டது. பிரிட்டனில் ரோவர் கார் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய பழைய ஜீப்புக்கு மாற்றாக உருவாக்கிய லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டுமே உழவருக்கான வண்டிகளாகத்தான் விற்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை மலையேற்றிப் பார்க்கலாம் என்பதை வாங்கியவர்களே கண்டுகொண்டார்கள். அப்படி மலையேற்றிப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டதில்தான் சங்கங்கள் தோன்றின.

ஓட்டமும் விருந்தோம்பலும் சேர்ந்த பெரிய நிகழ்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு 1953-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. சியரா நெவாடா மலையடிவாரத்தில், தங்கவேட்டைக் காலத்துக்குப் பின் வருமானம் குன்றியிருந்த ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரைச் சேர்ந்த மார்க் ஸ்மித்தும் மற்றவர்களும், வெளியூர்க்காரர்களை ஊருக்குள் வரவைக்க வழி தேடி, ரூபிகான் பாதை வழியாக டாஹோ ஏரிக்கு ஒரு கூட்டு ஜீப் பயணத்தை நடத்தினார்கள். 55 ஜீப்புகளில் 155 பேர் போனார்கள். வண்டிக்கு ஏறக்குறைய மூன்று பேர் என்ற இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர் என்றால், ஓட்டாமல் உடன் வந்தவர்கள் இருவர். அந்த இருவருக்குப் பாறையில் சக்கரம் எப்படி ஏறுகிறது என்பதைவிட, இரவில் எங்கே தங்குவோம், என்ன சாப்பிடுவோம் என்பதே பெரிய கவலையாக இருந்திருக்கும். வந்தவர்களை உபசரித்து மறுபடியும் வரவைக்க வேண்டிய தேவை ஊருக்கு இருந்தது. 1967-இல் யூட்டாவின் மோவப் நகர வணிகர் சங்கம் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் பயணத்தின் பின்னணியும் இதுதான். ஊர் வணிகம் நடத்திய இந்த நிகழ்ச்சிகளில் விருந்தோம்பல் ஊரின் பொறுப்பு. சாதாரணச் சங்கத்துக்கு அப்படி ஊர் எதுவும் கிடையாது. விருந்தோம்புகிறவரும் விருந்தாளியும் அதன் உறுப்பினர்களே. விருந்து முகாமின் தனித்தன்மை இங்கேதான் உருவாகிறது.

சங்க ஓட்டத்தில் கலந்துகொள்ளாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும்: அதில் ஓட்டுவதைவிடக் காத்திருப்பதே அதிகம். பத்து வண்டிகள் போகும்போது கடினமான ஓர் ஏற்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிடம் ஆனால், முதலில் ஏறியவர் கடைசி வண்டிக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பார். நடுவில் ஒன்று சேற்றில் புதைந்து, வின்ச்சில் (வண்டியில் பொருத்திய, வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவியில்) கட்டி இழுக்கவேண்டி வந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஏறி முடித்தவர்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள். முதலில் தேநீர் போடுவார்கள். பிறகு அதற்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வரும். அடுத்த ஓட்டத்தில் வேறொருவர் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொண்டுவருவார். சேற்றோடு ஏறி வருகிறவர் கையில் சூடாக ஒன்றைக் கொடுப்பதை யாரும் விதியாக எழுதிவைப்பதில்லை, ஆனாலும் அது ஒரு சங்கத்தில் வழக்கமாகப் பதிந்துவிட அதிக நாள் ஆகாது. இரவு முகாமிலும் இதுவே நடக்கும். தனித்தனிக் குடும்பங்களாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்குபவர்கள், ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பதால் அடுத்தவர் தட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருவர் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட, பக்கத்தில் இன்னொருவர் சட்டி மூடியைத் தூக்கும்போது வாசனை எழுந்தால், அங்கே போட்டி தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் போட்டிக்கு மனம் மட்டும் போதாது, பொருளும் கெடாமல் வந்துசேர வேண்டும். இங்கே ஃபிரிட்ஜின் வரலாறு குறுக்கிடுகிறது. நல்ல ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பே விருந்து முகாம் சங்கங்களில் ஏன் பெரிதாக வளரவில்லை என்பதை இதைவிட நன்றாக வேறெதுவும் விளக்காது.

ஐஸ் பெட்டியில் ஐஸ் இரண்டு மூன்று நாளில் உருகிவிடும். குலுக்கலில் அந்த நீர் மற்ற உணவுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் 1922-இல் கண்டறிந்து, எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் பரப்பிய உறிஞ்சுவகை ஃபிரிட்ஜ், எரிவாயுச் சுடரிலேயே குளிர்ச்சி தரும். அதில் ஓடும் பாகம் எதுவும் இல்லை. காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டியில் பயணிப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அதனுள்ளே அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பினால்தான் கீழிறங்கிச் சுற்றிவர வேண்டும் என்பதால், பெட்டி மட்டமாக நின்றாலொழிய அது சரியாகக் குளிராது. பக்கவாட்டுச் சரிவில் நாள் முழுக்கச் சாய்ந்தும் தூக்கியும் போகும் வண்டியில் மட்டம் எங்கே கிடைக்கும்? முகாமுக்கு வந்து, சக்கரத்துக்கடியில் கல் வைத்து வண்டியை மட்டமாக்கியபின்தான் அதைப் பற்றவைக்க முடியும். அதற்குள் காலையில் வைத்த இறைச்சியின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானின் சவாஃபுஜி நிறுவனம் 1962-இல் எங்கல் ஃபிரிட்ஜில் கொண்டுவந்த ஊசல் மோட்டார் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. சுழலும் பாகங்களுக்குப் பதிலாக முன்னும் பின்னும் அசையும் ஒரே பாகம் கொண்டு குளிர்வாயுவை அழுத்தும் அந்தக் கருவி, 30 பாகை வரை சாய்ந்தாலும் வேலை செய்யும், குலுக்கலைத் தாங்கும், கார் மின்கலத்தின் 12 வோல்ட்டிலேயே ஓடும். அடுத்த சிக்கல் மின்கலம். ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓடினால் காலையில் எஞ்சின் கிளம்பாது. அதனால் ஃபிரிட்ஜுக்கெனத் தனியாக இரண்டாவது மின்கலம் ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்றை வைத்தார்கள். நடுத்தர அளவுள்ள ஃபிரிட்ஜ் வெயிலைப் பொறுத்து நாளொன்றுக்கு 25 முதல் 50 ஆம்பியர்-மணி (மின்கலத்தின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் கெடுதலின்றிப் பயன்படுத்தலாம். ஆகவே வண்டியை ஓட்டாமல் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய காலம் ஒன்றிலிருந்து இரண்டு நாள். வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் புறப்படும் முகாமுக்கு இந்த அளவு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். சூரியத் தகடுகளும் லித்தியம் மின்கலங்களும் வந்தபிறகு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆனாலும் முகாமின் நீளம் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

ஃபிரிட்ஜ் பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது என்றால், போட்டிக்கு அளவுகோல் தந்தது டச்சு அவன் என்று சொல்லப்படும் மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டி. பிரிட்டனின் ஆபிரகாம் டார்பி 1707-இல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் மெல்லிய, மலிவான இரும்புச் சட்டிகள் பெருகின. அமெரிக்காவில் குடியேறியவர்களின் கையில் அதற்கு மூன்று கால்களும், தணல் உருண்டு விழாதபடி விளிம்பு உயர்ந்த தட்டை மூடியும் வந்தன. கால்கள் இருப்பதால் அடியில் தணல் வைக்கலாம். விளிம்பு இருப்பதால் மேலேயும் வைக்கலாம். மேலும் கீழும் ஒருசேரச் சூடு விழும்போது சட்டி அடுமனை அடுப்பாகிவிடுகிறது. ரொட்டியும், சுட்ட இறைச்சியும், பழம் வைத்த இனிப்பும் அதில் வரும்.

விறகுத் தணலில் சமைப்பவருக்கு அனுபவம் ஒன்றே வழிகாட்டி. ஒரே அளவான கரிக்கட்டி வந்தபின் சூட்டை எண்ணிக்கையாகவே சொல்ல முடிந்தது. சட்டியின் குறுக்களவு எத்தனை அங்குலமோ அதைப்போல் இரு மடங்கு கட்டிகள் வேண்டும். குறுக்களவோடு மூன்றைக் கூட்டி மேலேயும், மூன்றைக் கழித்துக் கீழேயும் வைக்கவேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 12 அங்குலச் சட்டிக்கு மேலே 15, கீழே 9, மொத்தம் 24 கட்டிகள் வைத்தால் உள்ளே ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ் சூடு கிடைக்கும். மேலே ஏன் அதிகம் என்று புதியவர்கள் கேட்பார்கள். கீழிருந்து வரும் சூடு இரும்பின் வழியாக நேரே உணவைத் தொட்டுக் கருக்கிவிடும். மேலிருந்து வருவது காற்றைக் கடந்து இறங்குவதால் மென்மையாக வேகவைக்கும். ஒரு முறை வைத்த கரி முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கும்; காற்று அடித்தால் சீக்கிரம் எரிந்து தீரும், குளிர் மிகுந்தால் சூடு ஏறத் தாமதமாகும். டயரில் எத்தனை அழுத்தம் வைப்பது, எந்தச் சரிவுக்கு எத்தனையாவது கியர் என்று பேசிப் பழகிய கூட்டத்திடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தால் அது சும்மா இருக்குமா? சமையலைச் சற்றும் விரும்பாதவர்கள்கூடக் கரிக்கட்டி எண்ணிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவதை இந்த முகாம்களில் கேட்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இந்தச் சட்டிக்கு ஒரு கிளைக்கதை உண்டு. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் மாடு மேய்த்தவர்களின் பொதிகுதிரைகளிலிருந்து விழும்போதெல்லாம் வார்ப்பிரும்புச் சட்டி உடைந்துபோனதால், அழுத்தித் தட்டிய எஃகுத் தகட்டில் பெடூரி என்ற சட்டியை உருவாக்கினார்கள். அது இலேசானது, உடையாது, சீக்கிரம் சூடேறும். அதே காரணத்தால் சீக்கிரம் கருக்கவும் செய்யும். அதிர்வு மிகுந்த பாதைகளில் ஓட்டுபவர்கள் பெடூரியையும், சமையலே குறிக்கோளானவர்கள் வார்ப்பிரும்பையும் விரும்புவது இயல்பு. எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள இரும்புச் சட்டியைக் கட்டாமல் வண்டிக்குள் வைத்து ஓட்டுவது மிக ஆபத்தானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி கவிழ்ந்தால் அது உள்ளிருப்பவர்கள் தலைமேல்தான் பாயும். வார்ப்பிரும்புச் சமையலுக்கெனத் தனி அமைப்புகளும் விழாக்களும் பின்னால் வந்தன. யூட்டா மாநிலம் 1997-இல் டச்சு அவனைத் தன் அதிகாரபூர்வச் சமையல் பாத்திரமாகவே அறிவித்தது. ஓட்டச் சங்கங்களின் விருந்து முகாம்கள் அந்த விழாக்களிலிருந்து விதிகளைக் கடன்வாங்கியிருக்கலாம். உயிரை அங்கிருந்து வாங்கவில்லை.

அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பருவத்தைப் பார்க்கவேண்டும். என் வாதத்தின் மையம் இதுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மலைக்காட்டுப் பாதைகளில் கணிசமானவற்றை ஜூன் மாத நீண்ட வார இறுதி முடிந்ததும் மூடி, அக்டோபர் இறுதிவாக்கில் திறக்கிறார்கள். மழையில் ஊறிய மண்பாதையில் சக்கரங்கள் ஓடினால் ஆழமான தடம் விழும். அந்தத் தடமே ஓடையாகி, மண்ணை அரித்து ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது காரணம். ஆக, குளிர்காலத்தில் ஓட்டச் சங்கத்துக்கு நல்ல பாதைகள் இல்லை. கோடையில் பாதைகள் திறந்திருக்கும், ஆனால் காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாள்களுக்கு முழு நெருப்புத் தடை அறிவிக்கப்படுவதால், அன்று வெளியிடத்தில் விறகோ கரியோ மூட்ட முடியாது, மூட்டினால் தண்டனை. இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஓட்ட முடிகிற காலத்தில் நெருப்பை நம்பித் திட்டமிட முடியாது. நெருப்பை நம்பலாம் என்கிற காலத்தில் ஓட்ட முடியாது. கரியில் மணிக்கணக்காகச் சமைக்கும் நிகழ்ச்சியை முன்கூட்டியே நாள் குறித்து நடத்தவேண்டுமென்றால், பாதைகள் மூடியிருக்கும் குளிர்ந்த மாதங்கள்தான் அதற்குக் கிடைக்கும். அந்த மாதங்களில் சங்கச் செயற்குழுவின் நாட்குறிப்பும் காலியாகவே இருக்கும். மாதக்கணக்கில் கூடாமல் விட்டால் உறுப்பினர்கள் கழன்றுபோவார்கள் என்பது எந்தச் செயலாளருக்கும் தெரியும். காலியான நாட்குறிப்பும் குளிரும் நெருப்புக்கான அனுமதியும் சேர்ந்துவிட்டன. ஃபிரிட்ஜும் சட்டியும் உறுப்பினர்களின் வண்டிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. இனி யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்வதுதான் பாக்கி. சொன்னவர்தான் தொடங்கிவைத்தவர் என்று சங்கம் நினைவில் வைத்துக்கொள்கிறது.

பனியால் பாதை மூடும் நாடுகளில் மாதங்கள் மாறும். மழையால் மூடும் இடங்களில் வேறு கணக்கு. ஆண்டு முழுவதும் பாதைகள் திறந்திருக்கும் பாலைநிலங்களில் இத்தகைய முகாம் பெரும்பாலும் ஆண்டு முடிவுக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு காரணத்தையும் சேர்க்கவேண்டும். ஓட்டத்தின் கடுமை கூடக்கூட, குடும்பத்தினர் வருவது குறையும். பாறைப் பாதையில் எட்டு மணி நேரம் குலுங்குவதைச் சிறு குழந்தையோ மூத்தவரோ விரும்புவதற்கில்லை. சாதாரண வண்டியில்கூட வந்துசேரக்கூடிய இடத்தில் நடக்கும் விருந்து முகாமுக்கு அவர்கள் எல்லாரும் வருவார்கள். வண்டியை விற்றுவிட்ட பழைய உறுப்பினரும் வருவார். புதிதாகச் சேர்ந்து, வண்டியைக் கீறிக்கொள்ள அஞ்சுகிறவரும் வருவார். ஒரு மலைப்பாதையில் நாம் புதைந்தால் நம்மை இழுப்பவர் யார் என்பதை முன்பே அறிந்திருப்பது ஓட்டக்காரருக்கு மிகவும் தேவையானது. ஓர் இரவு முழுக்கச் சேர்ந்து சமைத்தால் அந்த அறிமுகம் தானாகக் கிடைத்துவிடும்.

முகாம் என்ன வடிவம் எடுக்கிறது என்பதில் சங்கத்துக்குச் சங்கம் வேறுபாடு உண்டு. ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு வகை உணவு என்று கூட்டமாக நகர்ந்துகொண்டே சாப்பிடுவது ஒரு முறை. எல்லாரும் சமைத்ததை ஒரே நீள மேசையில் வைத்துப் பகிர்வது இன்னொன்று. நடுவர்களை வைத்து மதிப்பெண் போடுவதும் உண்டு. பல இடங்களில் பொதுவாகக் காணப்படும் விதி, வீட்டில் சமைத்து எடுத்துவந்து சூடாக்கக்கூடாது, முகாமிலேயே முழுவதையும் செய்யவேண்டும் என்பது. ஓட்டத்தில் கடினமான வழி இருக்கச் சுற்றுப்பாதையில் போனவரைக் கேலி செய்யும் அதே மனநிலைதான் இந்த விதியை எழுதுகிறது. வெள்ளை மேசைவிரிப்பு, மெழுகுவர்த்தித் தாங்கி, கழுத்துப்பட்டை, அதோடு முழங்கால் வரை சேறு படிந்த காலணி என்ற வேடமும் இப்படிப்பட்டதே. சாப்பாட்டுப் பிரியர்கள் தொடங்கிய நிகழ்ச்சியாக இருந்தால் இந்தக் கிண்டல் இருந்திருக்காது. அவர்கள் சாப்பாட்டை இதைவிடப் பயபக்தியோடு நடத்துவார்கள். பரிசாக உடைந்த அச்சுத் தண்டையோ வளைந்துபோன இணைப்புக் கம்பியையோ மரப்பலகையில் பதித்துக் கொடுக்கும் சங்கங்கள் உண்டு என்பதும் இதற்குச் சான்று.

உங்கள் சங்கத்தில் இது எப்படித் தொடங்கியது என்று அறிய விரும்பினால், மூத்த உறுப்பினர்கள் சொல்லும் கதையை மட்டும் நம்பவேண்டாம். அநேகமாக அது ஒரு பந்தயக் கதையாகவோ, கருகிப்போன ஒரு சாப்பாட்டின் கதையாகவோ இருக்கும். சுவையாகவும் இருக்கும், உண்மையின் ஒரு பகுதியும் அதில் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டபின், சங்கத்தின் பழைய செய்தி மடல்களையும் பயண அறிக்கைகளையும் ஆண்டுவாரியாக அடுக்குங்கள். முதல் முகாம் எந்த மாதத்தில் நடந்தது, அந்த மாதத்தில் வழக்கமான பாதைகள் திறந்திருந்தனவா என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளின் அறிக்கைகளில் சாப்பாட்டைப் பற்றிய வரிகள் எங்கே நீளத் தொடங்குகின்றன என்று தேடுங்கள். விருந்து முகாம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வரிகள் வந்திருக்கும். விற்பனை விளம்பரப் பகுதி இருந்தால் அதையும் விடாதீர்கள். ஐஸ் பெட்டிகளை விற்றுவிட்டு உறுப்பினர்கள் ஃபிரிட்ஜ் தேடத் தொடங்கிய ஆண்டு அதில் அப்படியே பதிவாகியிருக்கும். செயற்குழுக் குறிப்பேடு கிடைத்தால், அந்தக் குளிர்காலத்துக்கு முதலில் திட்டமிட்டு, பாதை மூடியதால் கைவிட்ட ஓட்டம் எது என்பதைக் கண்டுபிடியுங்கள். என் அனுமானம் சரியென்றால், அந்த ஓட்டத்துக்குக் குறித்திருந்த தேதியில்தான் முதல் முகாம் நடந்திருக்கும்.